பாகற்காய் பிடிக்காதவர்

பதினேழாம் எண்ணின் உள்ளங்கை கறுப்பாக இருந்தது. மஞ்சளாக இருந்திருக்க வேண்டும்.

"பிரேக் கத்துதுங்க மாஸ்டர்," என்று ஸ்கூட்டரை அவர் கடை வாசலில் நிறுத்தினேன். பிரேக் நிஜமாகவே கத்தியது. பொய்யான ரிப்பேரோடு நல்ல மெக்கானிக்கிடம் போனால் இரண்டே நிமிடத்தில் மாட்டிக்கொள்வோம் என்று வெய் அக்கா நேற்றே பிரேக் கட்டையைக் கழற்றித் தேய்த்து வைத்துவிட்டார். என் வண்டியில். அவருடைய வண்டி பத்திரமாக வீட்டில் நிற்கிறது.

வெய் ஜிங்ஹோங்குக்கு வயது ஐம்பத்தாறு. போலீஸில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவர். நான்னிங் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் இப்போது தொழில் நடத்துகிறார். பலகையில் 'துப்பறிகிறோம்' என்று போட முடியாதென்பதால் 'தகவல் ஆலோசனை' என்று போட்டிருக்கிறோம். ஆலோசனை கேட்டு இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை. நான் அவருடைய உதவியாள், பெயர் நொங். வண்டி ஓட்டுவதும், அக்கா யோசிக்கும்போது ஏதாவது பேசி அவருக்கு எரிச்சல் மூட்டுவதும் என் வேலை. எரிச்சல் வந்தால்தான் அவருக்கு மூளை ஓடும்.

ஏழு மாதமாக என் ஜோக்குகளுக்கு நானே சிரிப்பதில்லை. என் மனைவி சிங்யூன் ஈரல் புற்றுநோயில் போன பிறகு நாக்கும் அவளோடு போய்விட்டது. மிளகாய், சோறு, டீ எல்லாம் ஒன்றுதான். வலிக்கவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி இருந்தது. மூன்றாம் வாரமே வேலைக்கு வந்துவிட்டேன். சட்டை சுத்தமாக இருந்தது, ஒரு பொத்தான்கூட அறுந்திருக்கவில்லை. பார்த்தவர்கள் ஆள் தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கேஸ் வந்தபோது அக்கா என் முகத்தைப் பார்த்து, வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றார். எனக்கு எதுவும் தோன்றவில்லை, அதனால் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

கேஸ் இதுதான். எல்லைப் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் படரும் ஒரு கொடியின் வேரிலிருந்து பேராசிரியர் லியாங் ஒரு மஞ்சள் பொடி எடுத்திருக்கிறார். ஈரல் புற்றுநோயாளிகள் இருபத்து நாலு பேருக்கு அதைக் கேப்சூலில் அடைத்துக் கொடுத்து, கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். பலிக்குமா என்பது அவருக்கே தெரியாது. மூன்றாவது வாரத்தில் எல்லோருக்கும் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. அந்தப் பொடியின் சாயம் அது, கெடுதல் இல்லை. எல்லோருக்கும் என்றால் இருபத்து மூன்று பேருக்கு. பதினேழாம் எண்ணின் ரத்தத்தில் ஆறு வாரமாக மருந்தின் வாசனைகூட இல்லை. ஆனால் காலி மாத்திரை அட்டைகள் மட்டும் ஒன்று குறையாமல் திரும்பி வருகின்றன.

அவர் கேப்சூலை வெளியே விற்கிறார் என்று ஆராய்ச்சிக் குழு முடிவே கட்டிவிட்டது. இன்று நாலு மணிக்குக் கூட்டம். பெயரை அடித்துவிட்டால் மறுபடி இடம் கிடையாது. அவருக்கு வேறு வைத்தியங்கள் எல்லாம் பார்த்து முடிந்துவிட்டன. அடிக்கும் முன்னால் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று லியாங் எங்களைப் பிடித்தார். இரண்டு நாள் மருந்து வாங்குகிறவர்கள் போல ஊர் முழுக்க அலைந்தோம். யாரும் எதையும் விற்கவில்லை.

இன்னும் ஒரு சிக்கல். பதினேழாம் எண்ணுக்குத் தனக்கு என்ன நோய் என்றே தெரியாது. மகன் சொல்லவில்லை. ஈரலுக்கு டானிக், நாம் சூப்பில் போடும் கோழியெலும்புப் பூண்டு என்கிற மூலிகையைத்தான் கேப்சூலாக அடைத்துத் தருகிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறான். எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், படுத்திருப்பவருக்குத் தெரியாது. நானும் பதினோரு மாதம் அப்படி நடித்தவன்தான். சிங்யூனிடம் வயிற்றுப்புண் என்றேன். ஆகவே அந்த வார்த்தை வாயில் வராமல் விசாரிப்பது எப்படி என்று அக்கா எனக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

மோ டிங்ஹாய்க்கு அறுபத்தொரு வயது. கீழே கடை, மேலே வீடு. சக்கரத்தைக் கழற்றியவர் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை யாரோ அரம் வெச்சுத் தேய்ச்சிருக்காங்க."

"எங்க அக்காவுக்கு என்னைக் கண்டா ஆகாது மாஸ்டர். இன்ஷூரன்ஸ் வேற போட்டு வெச்சிருக்காங்க."

அவர் லேசாகச் சிரித்தார். அக்கா கையிலிருந்த பொட்டலத்தை நீட்டினார். மிளகாய்ப்பொடி தூவிய ஊறல் மாங்காய். இந்த ஊரில் அதை வேண்டாமென்று சொல்கிறவர் யாரும் இல்லை. ஆனால் கிரீஸ் கையால் எடுக்க முடியாதே. மோ மாஸ்டர் குழாயடிக்குப் போய்த் துணி சோப்புப் பொடி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து ஒரு துண்டு எடுத்தார். அந்த ஒரு நொடிக்காகத்தான் அக்கா மாங்காய் வாங்கியிருந்தார். உள்ளங்கை வெளுப்பாக இருந்தது. மஞ்சள் கொஞ்சம்கூட இல்லை.

புதுக் கட்டை மாட்டியதும் ரசீதுச் சீட்டு எழுதி, கீழே தூண்டில் முள் மாதிரி ஒரு கோடு கிழித்துக் கொடுத்தார். அதுதான் அவர் கையெழுத்து. அக்கா சீட்டை வாங்கி, தேவைக்கு அதிகமாக உற்றுப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று மாஸ்டர் கிளம்பினார். பாலம் வரைக்கும் போய் வாருங்கள், மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் கத்தும் என்றார் அக்கா. பாலம் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம்.

வண்டி தெருமுனை திரும்பியதும் அக்கா கடையின் மூலைக்குப் போனார். மின்சார அடுப்பில் பன்றியெலும்பு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்றில் அதே சூப் ஊற்றித் தயாராக இருந்தது. இரண்டிலும் பாகற்காய் மிதந்தது.

"ரெண்டையும் குடிச்சுப் பாரு."

குடித்தேன். தூக்கிலிருந்தது நாலு கரண்டி, சட்டியிலிருந்தது நாலு கரண்டி.

"எப்படி இருக்கு?"

"சூடா இருக்கு அக்கா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தானே சட்டியில் ஒரு கரண்டி எடுத்துக் குடித்து, பரவாயில்லை என்று தலையாட்டினார். தூக்கில் விரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தார். அடுத்த நொடி குழாயடிக்கு ஓடித் துப்பினார். வாயை மூன்று தடவை கொப்பளித்தார், மாங்காய் இரண்டைப் போட்டு மென்றார், அதற்குப் பிறகும் முகம் நேராகவில்லை.

"ஒரே சூப்பு, ரெண்டு கசப்பு," என்றார். "சட்டியில பாகற்காய்க் கசப்பு. தூக்குல இருக்கறது எட்டிக்காய்க் கசப்பு. நாலு கரண்டி முழுங்கிட்டு 'சூடா இருக்கு'ங்கறே. உன்னை நான் டாக்டர்கிட்டக் காட்டணும்டா."

எதிர்ப்பக்கம் காய்கறி விற்கும் அம்மாவிடம் அக்கா பேச்சுக் கொடுத்தார். நான் வெங்காயத்தாள் பொறுக்குவது போல நின்றேன். இந்தத் தெருவில் பாகற்காய் நன்றாகப் போகிறது போல என்று அக்கா ஆரம்பித்ததும் அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். மோ மாஸ்டருக்குப் பாகற்காய் என்றாலே ஆகாதாம். முப்பது வருஷமாகத் தெரியும், கல்யாண விருந்தில் பாகற்காய்த் தட்டு வந்தால் எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விடுகிற மனிதர். ஆறு வாரமாகத் தினமும் இரண்டு காய் வாங்குகிறார், அதுவும் எது ரொம்பக் கசக்கும் என்று கேட்டு வாங்குகிறார். மகன் மதியம் அவரோடுதான் சாப்பிடுகிறானாம்.

"பிடிக்காததை ஒருத்தர் தினமும் சமைச்சா என்ன அர்த்தம்?" என்றார் அக்கா, கடைக்குத் திரும்பும்போது.

"கல்யாணம் ஆகியிருக்குன்னு அர்த்தம்."

"வேற ஒரு கசப்பை அதுக்குள்ள ஒளிக்கிறார்னு அர்த்தம். இனி நமக்கு வேண்டியது மஞ்சள் உள்ளங்கை."

அது பன்னிரண்டரைக்குத் தானாகவே வந்து சேர்ந்தது. மகன் மோ ஷுவெஃபெங்குக்கு முப்பத்து மூன்று வயது. மது கம்பெனியில் விற்பனையாள், வாடிக்கையாளரோடு உட்கார்ந்து குடிப்பதுதான் உத்தியோகமே. வெயிலுக்காக ஸ்கூட்டர்காரர்கள் போடும் கையுறையைப் போட்டிருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான், கையுறையைக் கழற்றவில்லை. அதோடே தூக்கின் மூடியைத் திறந்தான், அதோடே கரண்டியை எடுத்தான்.

பேராசிரியர் அனுப்பிய ஆட்கள் என்று அக்கா சொன்னதும் முதலில் தெருவைத்தான் பார்த்தான், அப்பா வருகிறாரா என்று.

"அவருக்கு எதுவும் சொல்லிடலையே?"

"இல்லை. கையுறையைக் கழட்டுங்க தம்பி."

கழற்ற மாட்டேன் என்று கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினான். இரண்டு உள்ளங்கையும் மஞ்சள் அரைத்த கை மாதிரி இருந்தன. மூன்று வாரமாக இப்படி என்றான். அம்மா ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே நோயில் போனாள், இப்போது அப்பா. அம்மாவிடமிருந்து வந்த வைரஸ் பிறந்ததிலிருந்தே தன் ரத்தத்தில் இருக்கிறது. தனக்கும் ஆரம்பித்துவிட்டது, காமாலை இறங்கிவிட்டது என்று நினைத்து எவரிடமும் சொல்லாமல், ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகும்போதும் வாசலோடு நின்றுவிடுவானாம்.

"காமாலைன்னா முதல்ல கண்ணுலதான் தெரியும்," என்றார் அக்கா. "உங்க கண்ணு பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு. உள்ளங்கை மட்டும் மஞ்சள். உங்களை மாதிரி இந்த ஊர்ல இன்னும் இருபத்து மூணு பேர் இருக்காங்க. அவங்கல்லாம் கேப்சூல் சாப்பிடறவங்க. சூப்பு எப்படி இருக்கு?"

அவன் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "கசக்கும். அவர் ஆசையா பண்றாரேன்னு நல்லாயிருக்குப்பான்னு சொல்லிக் குடிச்சிடுவேன்." கரண்டியைக் கீழே வைத்தான். "டானிக்குன்னு நான்தானே சொன்னேன். நான் குடிக்கிறவன், என் ஈரலுக்கு நல்லதுன்னு எனக்கே ஊத்தியிருக்காரு. அவருக்கு என்ன தெரியும் பாவம். அவர் மருந்தை நான் தின்னுட்டேன்."

அவன் அழுதான். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவன் தோளில் கை வைத்தேன். வைக்க வேண்டும் என்று தெரிந்ததால் வைத்தேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. இதற்காக வெட்கப்பட வேண்டும் என்றும் தெரிந்தது.

கடையின் கடிகாரத்தில் மணி ஒன்றாகப் பத்து நிமிடம். மருந்தை நீங்களே சாப்பிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டுமென்றால் அது என்ன மருந்து என்று சொல்ல வேண்டும். குழுவிடம் உண்மையைச் சொன்னால் அவர் பெயரை அடித்துவிடுவார்கள், சொல்லாவிட்டாலும் அடித்துவிடுவார்கள். இதை நான் கணக்காக எடுத்துச் சொன்னேன். அக்கா காதில் வாங்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோ மாஸ்டர் என் வண்டியில் வந்து இறங்கினார். மகனின் கையுறை மேசைமேல் கிடந்தது. கைகள் மடியில் விரிந்திருந்தன. மாஸ்டர் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, மகன் எதிரில் வந்து நின்றார். அந்தக் கைகளைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லாப் பிடிச்சிருக்கு," என்றார். திருப்தியாகத்தான் சொன்னார்.

மகன், அப்பா அது டானிக் இல்லை, என்று தொடங்கினான். எப்படி முடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. மாஸ்டரே முடித்தார்.

"புத்துநோய் மருந்து. தெரியும்டா. முதல் நாள் ஸ்கேன் எடுத்துட்டு வெளிய வந்தப்போ நீ எனக்குப் புதுச் செருப்பு வாங்கிக் குடுத்தே. செருப்பு வாங்கித் தர்ற ஆளா நீ? அப்பவே தெரிஞ்சுது. உங்கம்மாவுக்கு நான் பட்டு ஜாக்கெட் வாங்கிக் குடுத்தேன், அவளுக்கும் அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சா ஏன்ப்பா சொல்லலை?"

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறே. அதைப் போய்க் கெடுப்பானேன்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, இதில் மகனுக்கு எந்தப் பங்கும் இல்லை, தண்டனை எதுவாக இருந்தாலும் தனக்குத்தான் என்றார். தன் ஈரல் முடிந்த கதை, மகனுடையது இன்னும் ஆரம்பிக்காத கதை, நல்ல மருந்தை எங்கே போட வேண்டும் என்று ஒரு மெக்கானிக்குக்குத் தெரியாதா என்று கேட்டார்.

"வண்டியா இருந்தா நீங்க சொல்றது சரி மாஸ்டர்," என்றார் அக்கா. "இது கட்டிக்கான மருந்து. அதுவே நிச்சயமில்லை. உங்க மகன் ரத்தத்துல இருக்கறது வைரஸ். அதை அடக்க ரொம்ப நாளா மாத்திரை இருக்கு, தினம் ஒண்ணு. அவர் டெஸ்ட்டுக்குப் போனாப் போதும், எழுதிக் குடுத்துடுவாங்க. ஆறு வாரம் நீங்க வேற பூட்டுக்குச் சாவி போட்டுத் திருப்பியிருக்கீங்க."

மோ மாஸ்டர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆறு வாரம் என்பது அவருக்கு எவ்வளவு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அக்கா போனை எடுத்து லியாங்கைக் கூப்பிட்டு, நாங்களும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. விதி விதிதான், மருந்தை வேறொருவருக்குக் கொடுத்தவரை நீக்கித்தான் ஆக வேண்டும், வருத்தமாக இருக்கிறது என்றார் பேராசிரியர்.

"நீக்க முடியாதுங்க சார்."

"ஏன் முடியாது?"

"அவர் இன்னும் சேரவே இல்லை."

அக்கா ரசீதுச் சீட்டை எடுத்தார். மோ மாஸ்டரின் கையெழுத்து தூண்டில் முள். ஆனால் ஆராய்ச்சிக்குச் சம்மதிக்கும் படிவத்தில் அழகாக, முழுசாக, பெயரின் மூன்று சீன எழுத்தும் பிசகாமல் போட்டிருக்கிறது. அதை நேற்றே கோப்பில் பார்த்துவிட்டதாகச் சொன்னார். படிவத்தில் நோயின் பெயர் அச்சிட்டிருப்பதால் அதை அப்பா கண்ணில் காட்டாமல் மகனே போட்டிருக்கிறான். நர்ஸும் பாவம் பார்த்து வாங்கி வைத்திருக்கிறார். நோயாளி கையெழுத்துப் போடாத படிவம் செல்லாது. செல்லாத படிவத்தில் சேர்ந்தவர் விதியை எப்படி மீறுவார்?

"குழு முன்னாடி இதையே சொல்லுங்க சார். உங்களுக்கும் கொஞ்சம் திட்டு விழும், வாங்கிக்குங்க."

 பிறகு லியாங் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நாலு மணிக்குள் அவரே வந்து புதுப் படிவம் தர வேண்டும், ஸ்கேன் மறுபடி எடுக்க வேண்டும், கட்டி அளவு தாண்டியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். புதுப் படிவம் அக்கா பைக்குள் காலையிலிருந்தே இருந்தது.

மோ மாஸ்டர் அதைத் தொடவில்லை. இனி எதற்கு என்றார். மகன் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினான்.

"நீங்க போடுங்க. நான் இன்னைக்கே ரத்தம் குடுக்கறேன். நீங்க போடலைன்னா நானும் போக மாட்டேன்."

அப்பாவைப் போலவே பிடிவாதமான முகம். மாஸ்டர் சோப்புப் பொடி போட்டு இன்னொரு தடவை கை கழுவிவிட்டு வந்து, படிவத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார். நோயின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தவில்லை, அதையும் படித்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு முன் அந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் தூண்டில் முள்ளைக் கிழித்தார்.

அவர்கள் கிளம்பக் கடையைப் பூட்டும்போது நான் மாஸ்டரிடம் கேட்டேன். அது கேஸுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி.

"உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும்னு சொன்னீங்களே. அவங்க வாயால சொன்னாங்களா?"

"போறதுக்கு முந்தின நாள் சொன்னா. என் கன்னத்தைத் தடவி, 'பொய் சொல்லிச் சொல்லியே இளைச்சுப் போயிட்டீங்க'ன்னா. அவ்வளவுதான்." பூட்டை இழுத்துப் பார்த்தார். "படுத்திருக்கிறவங்களுக்குத் தெரியாம இருக்குமா தம்பி."

மகன் அவரைப் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிப் பக்கம் போனான். கையுறை மேசையிலேயே கிடந்தது. அக்கா என் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார். நான் சாவியைப் போடவில்லை.

சிங்யூன் கடைசி மாதம் படுக்கையில் உட்கார்ந்து என் சட்டைகளையெல்லாம் எடுத்து வரச் சொன்னாள். பதினாலு சட்டை. பொழுது போகவில்லை என்றாள். ஒவ்வொரு பொத்தானுக்கும் மேலே இன்னொரு முறை நூல் ஓட்டினாள். கை நடுங்கியதால் ஒரு சட்டைக்கு ஒரு நாள் ஆனது. வயிற்றுப்புண் ஆறட்டும், அப்புறம் தைக்கலாம் என்று நான் சொன்னேன். அவள் சரி சரி என்று தைத்துக்கொண்டே இருந்தாள். அடுத்தவர் உள்ளங்கையைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற தொழில் எனக்கு. ஏழு மாதமாக ஒரு பொத்தான்கூட அறுந்து விழாதது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு அக்கா," என்றேன்.

"யாருக்கு?" என்று அக்கா கேட்கவில்லை. பொட்டலத்தில் மிச்சமிருந்த மாங்காயை என் தோளுக்கு மேலாக நீட்டினார். வாங்கி வாயில் போட்டேன். புளிப்பு ஏறியது, மிளகாய் ஏறியது, அதற்கு அடியிலிருந்து, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் குடித்த சூப் நாக்கின் அடி வரைக்கும் கிளம்பி வந்தது.

"அக்கா, அந்த சூப்பு ரொம்பக் கசப்பு," என்றேன். 

"ஆமாடா," என்றார் அக்கா. "மெதுவா ஓட்டு. பிரேக் புதுசு."